உறையாத மூன்று தட்டுகள்

என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, பதினெட்டு ஆண்டுகள் எங்கள் வீட்டின் பின்னறையில் கடலின் சிவப்புப் பாசியைக் காய்ச்சி, இனிப்புகளை உறையவைக்கும் அகர் எடுத்தார். வெயிலில் வெளுத்த பாசியை அலசி, அண்டாவில் ஒரு கரண்டி வினிகர் விட்டு வேகவைப்பார். கெட்டித் தண்டு இளகுவதற்கு அந்தப் புளிப்பு வேண்டும். வடிகட்டிய கஞ்சி, தட்டில் ஆறும்போதே உறைந்துவிடும். அதைக் கீறி, உறைபெட்டியில் வைத்தெடுத்து, நீர் வடித்து உலர்த்தினால் கண்ணாடி போன்ற நாடாக்கள் கிடைக்கும். இனிப்புக் கடைக்காரர் வாசலுக்கே வந்து வாங்கிப் போவார்.

அத்தை யாரையும் எளிதில் நம்பமாட்டார். உப்பைக்கூட நக்கிப் பார்த்துத்தான் வாங்குவார். ஓராண்டு, அடுத்தடுத்து மூன்று தட்டுகள் உறையாமல் தண்ணீராகவே நின்றபோது, சந்தேகம் நேராக என் அம்மாவின் மேல் விழுந்தது. பின்னறையை ஒழித்துத் தரமுடியுமா என்று அம்மா என்றோ கேட்டிருந்ததை அத்தை மறக்கவில்லை. நான் அம்மாவின் பிள்ளை என்பதால், இருவரையும் தனித்தனியே விசாரித்தே இதை எழுதுகிறேன்.

இன்னொரு தட்டு கெட்டால் வீட்டை விட்டே போய்விடுவதாக அப்பாவிடம் சொல்லி, துணிகளையும் பெட்டியில் அடுக்கிவிட்டார் அத்தை. நான்காம் முறை அண்டாவை அடுப்பேற்றியதும், செருப்புச் சத்தம் கேட்கும்படி கடைக்குக் கிளம்பினார். வெறுங்காலோடு திரும்பிப் பாசி மூட்டைகளின் பின்னே பதுங்கினார். அம்மா வந்தார், இருபுறமும் பார்த்தார், மூடியைத் திறந்து ஒரு கரண்டி வினிகரை விட்டார்.

அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “என்ன அண்ணி, என் பொழப்புல விஷம் கலக்குறீங்களா?”

“விஷமா? நீ விட மறக்குற வினிகர்தான். அன்னைக்குப் பாசி வேகாம கட்டையாக் கெடந்துச்சே, அதுலேருந்து நான்தான் ஊத்துறேன். சொன்னா கோச்சுக்குவ.”

“மறந்தது அந்த ஒரு தடவைதான். இன்னைக்கும் நான் ஊத்தியாச்சு.”

இருவரும் அண்டாவைப் பார்த்தனர். இரட்டைப் புளிப்பு, பாசியின் உறையும் சக்தியையே தின்றுகொண்டிருந்தது.

“என்னை மறதிக்காரின்னு முடிவே கட்டிட்டீங்க.”

“நீ மட்டும் என்னவாம்? என்னைக் கொலைகாரின்னுல்ல கட்டியிருக்க.”

அந்த அண்டா சாக்கடைக்குப் போயிற்று. மறுநாள் ஒரே கரண்டி வினிகரில் வெந்தது, தட்டைச் செங்குத்தாகச் சாய்த்தும் நழுவவில்லை. அத்தை பெட்டியிலிருந்த துணிகளை மீண்டும் அலமாரியில் வைத்தார்.

அதன்பின், வினிகர் விட்டவர் அண்டாவின் கைப்பிடியில் நூல் கட்டவேண்டும் என்று ஏற்பாடாயிற்று. நூலைத் தம் கையாலேயே கட்டியிருந்தாலும், அத்தை மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். அவர் முகர்வதோடு நிறுத்துகிறாரா என்று அம்மா கதவோரம் நின்று பார்ப்பார்.