ரெண்டு டம்ளர் செம்பருத்தி டீ

எங்க அத்தை, அதாவது என் மாமியார், என் கையால செஞ்சத வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொன்னது பதினோரு வருசத்துல ஒரே ஒரு தடவதான். அன்னிக்கு அவங்க குடிச்சதுல அரளி கலந்திருந்துச்சு.

தெரிஞ்சு குடுக்கல. ஆனா தெரிஞ்சு குடுக்கலன்னு நாலு பேருகிட்ட நிரூபிக்கணுமேங்கற பயத்துல நான் ஒரு காரியம் பண்ணேன். அதத்தான் இங்க எழுதுறேன்.

எங்க மகளிர் குழுவுக்கு அரியலூர்ல ஒரு கண்காட்சியில ஸ்டால் கெடைச்சிருந்துச்சு. ஊறுகா, அப்பளம், வடகம் எல்லாத்தையும் மத்தவங்க எடுத்துக்கிட்டாங்க. வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? நான் பூ டீ போடுறேன்னு சொல்லிட்டேன். சொன்னப்பறம் செஞ்சுதானே ஆவணும். திருமானூர் ரோட்டோரத்துல ஆவாரம்பூ பறிச்சேன். எங்க காம்பவுண்டு கம்பியில படர்ந்து கெடந்த சங்குப்பூவ எடுத்தேன். கீழ் வூட்டு ஹவுஸ் ஓனர் அக்கா தொட்டியில வெச்சிருந்த செம்பருத்திய கேட்டு வாங்கினேன். எல்லாத்தையும் மொட்டை மாடியில பேப்பர் விரிச்சுக் காய வெச்சேன். இந்த ஊருல எதக் காய வெச்சாலும் மேல ஒண்ணப் போட்டு மூடணும், இல்லாட்டி சிமெண்டு லாரி கெளப்புற புழுதி சாயங்காலத்துக்குள்ள பவுடர் பூசிடும். எங்க வூட்டுக்காரரோட பழைய வேட்டிய மேல போத்தி, நாலு மூலைக்கும் கல்லு வெச்சேன்.

கண்காட்சிக்கு ரெண்டு நாள் இருக்கயில, எது நல்லாருக்குன்னு பாக்கலாம்னு மத்தியானம் நாலு டம்ளர்ல நாலு டீ போட்டு வரிசையா வெச்சேன். எங்க வூட்டுக்காரரு சிமெண்டு ஆலையில ஷிப்டுக்குப் போயிட்டாரு. ருசி சொல்ல அத்தைய விட்டா ஆளில்ல. அவங்க நாக்குக்குத் தப்பி ஒரு கல்லு உப்பு கூட உள்ள போவாது. ஆனா ரெண்டு நாளு முன்னாடிதான் எங்களுக்குள்ள பெரிய சண்டை. மீன் கொழம்புல புளி தூக்கலா இருக்குன்னு அவங்க ஆரம்பிச்சது, எங்கெங்கயோ போயி, "இந்த வூட்டுல ஒருத்தி போனாத்தான் இன்னொருத்திக்கு நிம்மதி"ன்னு நான் கத்துறதுல முடிஞ்சுது. தெரு பூரா கேட்டுச்சு. அவங்க அன்னிக்கே தா.பழூர்ல இருக்குற என் நாத்தனாவுக்குப் போன் போட்டு மூக்க உறிஞ்சுனாங்க. அதுக்கப்பறம் டீ போட்ட அன்னிக்குத்தான் ரெண்டு பேரும் மொகம் பாத்துப் பேசினோம். ஒரு சமாதானமா இருக்கட்டுமேன்னுதான் கூப்பிட்டேன்.

சங்குப்பூ டீயப் பாத்ததும், "இங்க் பாட்டில கழுவி ஊத்துனியா?"ன்னாங்க. எலுமிச்சம்பழம் புழிஞ்சு ஊதாவா மாத்திக் காட்டுனேன். மொகத்தத் திருப்பிக்கிட்டாங்க. ஆவாரம்பூ டீ, வைக்கோல ஊற வெச்ச தண்ணியாம். துளசி இஞ்சிய ஒரு வாய் குடிச்சுட்டு, காச்சல் கசாயத்த எவ வாங்குவான்னு கேட்டாங்க. எனக்கு மண்டைக்கு ஏறுச்சு, ஆனாலும் அடக்கிக்கிட்டேன். கடைசியா செம்பருத்தி. ஒரு வாய் குடிச்சாங்க. இன்னொரு வாய். மெதுவா டம்ளரக் காலி பண்ணிட்டு, "இது நல்லாருக்கு. கசப்பு சரியா இருக்கு, சக்கரைக்கு நல்லது. இன்னொரு டம்ளர் ஊத்து"ன்னாங்க.

நானும் ஒரு வாய் குடிச்சுப் பாத்தேன். கசப்பு நாக்குல ஒட்டிக்கிட்டு எறங்கல. செம்பருத்தி இப்படிக் கசக்காதேன்னு தோணத்தான் செஞ்சுது. சாஸ்தி கொதிக்க விட்டுட்டேனோன்னு நெனச்சுக்கிட்டேன். பதினோரு வருசத்துல மொத தடவையா நல்லாருக்குங்கறாங்க, அதப் போயி தப்பா வந்துருச்சுன்னு சொல்ல எந்த மருமவளுக்கு மனசு வரும்? அவங்களுக்கு இன்னொரு டம்ளர் ஊத்திக் குடுத்தேன். என்னோடத சிங்க்ல கொட்டிட்டேன்.

அரை மணி நேரம் இருக்கும். ஹவுஸ் ஓனர் அக்கா மாடிப்படியில நின்னுக்கிட்டுக் கூப்பிட்டாங்க. போன வாரம் திடீர்னு தூத்தல் போட்டப்ப நான் வேலைக்குப் போயிருந்தேன். அவங்கதான் ஓடிப்போயி என் பூவையும் சேத்து அள்ளி உள்ள வெச்சாங்க. அது எனக்கும் தெரியும், நன்றி கூட சொன்னேன். இப்ப என்னடான்னா, பக்கத்துல அவங்க காய வெச்சிருந்த பூவும் அந்த அவசரத்துல என்னுதுல கொஞ்சம் விழுந்திருக்குமாம், பாத்தியான்னு கேக்குறாங்க. சாமிக்குப் போட்ட பூவக் காய வெச்சு அரைச்சு சாம்பிராணி கப்பு செய்வாங்க அவங்க. என்ன பூவுக்கான்னு கேட்டேன். சாமி பூதான், ரோஜா, அரளின்னாங்க.

சமையக்கட்டுக்கு ஓடி செம்பருத்தி டப்பாவத் தட்டுல கவுத்தேன். காஞ்சா எல்லாம் ஒரே கருஞ்சிவப்புதான். கிட்ட வெச்சுப் பாத்தாத்தான், அகல இதழுக்கு நடுவுல சின்னச் சின்னதா, குழல் மாதிரி காம்போட சுருண்டு கெடந்துச்சு. பொறுக்கப் பொறுக்க வந்துச்சு. திரும்பிப் பாத்தா அத்தை வாசக்கால்ல கைய ஊணி நிக்கிறாங்க. வயித்தப் பெரட்டுதுன்னாங்க. படியில பேசுனது பூரா அவங்க காதுலயும் விழுந்திருந்துச்சு.

ஆட்டோவுல போறப்ப முன்னாடி சுண்ணாம்புக்கல் லாரி வரிசையா நின்னுச்சு, ஒண்ணும் நவுரல. அத்தை ரெண்டு தடவ வாந்தி எடுத்தாங்க. கையப் புடிச்சா சில்லுன்னு இருந்துச்சு. நான் கும்புடாத சாமி இல்ல. ஆனா உள்ளுக்குள்ள இன்னொரு கணக்கும் ஓடுச்சு. எங்க பக்கத்துல அரளின்னு ஆஸ்பத்திரியில சொன்னா அடுத்த கேள்வி, அவங்களா குடிச்சாங்களா, யாராச்சும் குடுத்தாங்களாங்கறதுதான். போலீசு வரும். தெருவுல விசாரிச்சா நான் கத்துனதச் சொல்லுவாங்க. நாத்தனா போன்ல கேட்டதச் சொல்லுவா. என் பேரு நாறிடும், நான் ஜெயிலுக்குப் போவேன், ஸ்கூலுக்குப் போயிருக்குற என் புள்ளைக்கு அம்மா இல்ல. இப்படியே போவுது புத்தி.

அவசரப் பிரிவுல டாக்டர் சின்னப் பொண்ணு. என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டுச்சு. நான், "செம்பருத்தி டீ குடிச்சாங்க, சேரல போலருக்கு"ன்னேன்.

அரளியச் சொல்லல. அந்தப் பொண்ணு தலையாட்டிட்டு, டிரிப் போடச் சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுச்சு. நான் நின்னேன். அஞ்சு நிமிசம் இருக்கும். அத்தை பொழைக்கணும்னு நெனச்சேனான்னா, நெனச்சேன். ஆனா அதுக்கு முன்னாடி என் நெனப்பு வந்துருச்சு. இத எழுதயில கூட எனக்குக் கூசுது.

அத்தை என் மணிக்கட்டப் புடிச்சாங்க. ஏன் சொல்லலன்னு கேட்டாங்க. அவங்க என் மொகத்தையே பாத்துட்டு, தலையத் தூக்கி டாக்டரக் கூப்பிட்டாங்க.

"டாக்டரம்மா, அது அரளி. மழைக்குப் பூவ அள்ளயில கலந்துடுச்சு. இவளுக்குத் தெரியாது."

அப்பறம் அந்த எடமே ஓட ஆரம்பிச்சுது. நெஞ்சுல ஒயர் ஒட்டுனாங்க, நாடித் துடிப்பு கொறையுதுன்னு ஊசி போட்டாங்க, கருப்பா எதையோ கரைச்சுக் குடிக்க வெச்சாங்க. என்னைய வெளிய தள்ளுறதுக்குள்ள அத்தை மெதுவா ஒண்ணு சொன்னாங்க. "போற உசுரு என்னுது. பயம் உனக்கா?"

அன்னிக்கு ராத்திரியும் மறுநாளும் அந்த மெஷின்ல ஓடுற பச்சைக் கோட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். எங்க வூட்டுக்காரரு வந்து பக்கத்துல ஒக்காந்தாரு, அவருகிட்டயும் அந்த அஞ்சு நிமிசத்தச் சொல்லல. போலீஸ்காரர் ஒருத்தர் வந்து எழுதிக்கிட்டுப் போனாரு. அத்தை அவருகிட்டயும் மழை, பூ, சாம்பிராணி எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னாங்க. சாயங்காலம் டாக்டர் பொண்ணு, கலந்தது கொஞ்சம்தான், துடிப்பு சரியாயிடுச்சு, பயமில்லன்னுச்சு. அதுக்குப் பயமில்ல, சரி. எனக்கு இருந்துச்சு.

நாத்தனா தா.பழூர்லேருந்து வந்தா. என்னைய மேலயும் கீழயும் பாத்தா. பூவு கலந்தது சரி, வந்த ஒடனே டாக்டர்கிட்ட சொன்னியா, இல்லியான்னு கேட்டா. எப்படித்தான் அவளுக்குச் சரியா அந்தக் கேள்வி வந்துச்சோ. கட்டில்லேருந்து அத்தைதான் பதில் சொன்னாங்க. "அவதான் சொன்னா. சொல்லாமயா நான் பொழைச்சேன்?"

நாலாம் நாளு வூட்டுக்கு வந்தோம். கண்காட்சி முடிஞ்சு போயிருந்துச்சு. காஞ்ச பூ அத்தனையையும் எங்க வூட்டுக்காரரு குழி தோண்டிப் பொதைச்சிருந்தாரு. அத்தை ஹால்ல சாஞ்சு ஒக்காந்து டீ கேட்டாங்க. சும்மா பால் டீதான். போட்டு டம்ளர்ல ஊத்தி எடுத்துக்கிட்டு வந்தேன். நாத்தனா எதுருலயே ஒக்காந்து என் கையையே பாத்துக்கிட்டு இருந்தா. யாரும் கேக்கல, நானாத்தான் அந்த டம்ளர வாயில வெச்சு, அவ பாக்குறாப்ல ஒரு வாய் குடிச்சுட்டு அத்தைகிட்ட நீட்டுனேன்.

அத்தை வாங்கல. மகளப் பாத்தாங்க, என்னையப் பாத்தாங்க.

"எச்சி பண்ணாம குடுடி"ன்னாங்க.

நான் உள்ள போயி வேற டம்ளர்ல ஊத்திக்கிட்டு வந்து குடுத்தேன். ஊதக்கூட இல்ல, அப்படியே குடிச்சாங்க. சக்கரை பத்தலன்னாங்க.