இருட்டு அலமாரியில் சீரியல் பல்பு

எனக்குப் பொறுமை கிடையாது. அப்படிப்பட்டவளுக்கு, பழ ஈக்கள் எப்போது சாகும் என்று காத்துக் கிடக்கிற ஆராய்ச்சி வாய்த்தது என் நேரம். மதுரையில் ஒரு கல்லூரி லேப். ஒரு அலமாரியில் பகலெல்லாம் எல்.இ.டி. வெளிச்சத்தில் வளரும் ஈக்கள். இன்னொன்றில் வெளிச்சமே படாத ஈக்கள். வெளிச்சம், அதிலும் நீல வெளிச்சம், ஈக்களைச் சீக்கிரம் கிழடாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். என் உதவித்தொகை டிசம்பரோடு முடிகிறது. ஏதாவது கெட்டால் முட்டையிலிருந்து மறுபடி தொடங்க நாள் இல்லை. அலமாரியைச் சரியாகச் சாத்தினேனா என்று பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி ஓடி வந்ததெல்லாம் உண்டு.

ஆராய்ச்சி தொடங்கிய நாற்பதாவது நாள் ஆயுத பூஜை லீவு வந்தது. பூஜை போட்டதை யாரும் தொடக்கூடாது என்று இரண்டு நாள் லேபைப் பூட்டிவிட்டார்கள். செல்லூர் வீட்டில் ஓரிடத்தில் உட்கார முடியாமல் அலைந்தேன். "சாகப்போற ஈக்கு இம்புட்டு கவலையாடி?" என்று அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாம் நாள் காலை முதல் ஆளாகப் போனேன். மைக்ரோஸ்கோப்பெல்லாம் சந்தனம் குங்குமத்தோடு நின்றது. இருட்டு அலமாரியின் கதவிடுக்கில் நீலமாக ஏதோ மின்னியது. திறந்தால், தட்டுக்குத் தட்டு சீரியல் பல்பு எரிகிறது.

பாட்டில் கழுவுவதிலிருந்து சாவி வரை லேப் அண்ணன் பொறுப்புதான். அவரே வந்து நின்றார். "எல்லாத்துக்கும் பூஜை போட்டோம். இதுக மட்டும் பெறந்ததுலருந்து இருட்டுல கெடக்குதுகளேன்னு மனசு கேக்கலம்மா."

"உங்களுக்கு அறிவிருக்கா?" என்று கத்திவிட்டேன். என் அப்பா வயதுக்காரர். ஒயரைப் பிடுங்கினார். "பழையபடி இருட்டாக்கிருவோம்மா," என்றார். அதைக் கேட்டு இன்னும் எரிச்சல் வந்தது.

விஷயம் கேட்டு வந்த என் கைடு மேடம் குரலைத் தாழ்த்தி, "ரெண்டு நாள்தானே? நோட்டுல எழுதாத. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். வராந்தாவில் முன்னும் பின்னும் நடந்தேன். எழுதாமல் விட ஆசையாகத்தான் இருந்தது. எனக்கு அந்த டிகிரி வேண்டும். ஆனால் அந்த நோட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியுமே. சாயங்காலம் உட்கார்ந்து, இருட்டு ஈக்கள்மேல் இரண்டு நாள் நீல வெளிச்சம் பட்டது என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு அவற்றை இருட்டு ஈக்கள் என்று கணக்கில் சேர்க்க முடியாது.

பூட்ட வந்த அண்ணன் வாசலிலேயே தயங்கினார். "என்னால ஒம் படிப்புக்கு ஒண்ணும் ஆயிராதுல்லம்மா?"

"ஒண்ணும் ஆகாதுண்ணே. நீங்க போங்க, நான் பூட்டிட்டு வாரேன்."

அவர் போனதும், வேண்டாத ஈக்களைக் கொல்லும் ஃப்ரீசருக்குள் இருட்டுப் பாட்டில்களை ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டு, அழுதேன்.