நான்கு கிலோ குறைச்சல்

பரமத்தி வேலூர் கபடிப் போட்டியில் முப்பது வருஷமாக ஆட்டக்காரர்களுக்கு எடை பார்ப்பவன் நான். முட்டி தேய்ந்து ஆட்டத்தை விட்டபோது, மைதானத்தை விட மனசில்லாமல் இந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். ஐம்பத்தைந்து கிலோ பிரிவு என்றால் நூறு கிராம் கூடினாலும் ஆள் வெளியே. அதற்காக என்னென்ன தில்லுமுல்லு செய்வார்கள் தெரியுமா? தராசின் ஓரமாக நின்று கால் கட்டைவிரலைத் தரையில் ஊன்றுவான் ஒருத்தன். பக்கத்திலிருப்பவன் தோளை லேசாகப் பிடித்துக்கொள்வான் இன்னொருத்தன். நான் ஒருத்தனையும் நம்பியதில்லை.

தராசையும் நம்பமாட்டேன். முதல் ஆளாக நானே ஏறிப் பார்ப்பேன். என் எடை எழுபத்திரண்டு. பல வருஷமாக மாறவே இல்லை. எடைக்கல் வேலையை என் உடம்பே பார்த்துவிடும்.

தராசு என் கூட்டாளியுடையது. என்னோடு ஒரே டீமில் ஆடியவன், இப்போது வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறான். வருஷா வருஷம் மண்டித் தராசை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மைதானத்துக்குத் தண்ணீரும் தெளித்துவிட்டுப் போவான். இந்த வருஷம் ஏறி நின்றேன். அறுபத்தெட்டு காட்டியது.

எனக்குப் பொறி தட்டியது. புதுச்சத்திரம் டீமில் அவன் அக்கா மகன் ஆடுகிறான், கொஞ்சம் பூசினாற்போல உடம்பு.

"நாலு கிலோ கம்மியாக் காட்ட வெச்சு யார உள்ள நொழைக்கப் பாக்கற?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டேன்.

அவன் தராசைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு போய்விட்டான். வேறு தராசு வரவழைத்து எடை பார்த்தோம். அதில் நான் ஏறக்கூட இல்லை, அவ்வளவு கோபம். அக்கா மகன் எடை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் மாமனுக்கு நேர்ந்த அவமானம் பொறுக்காமல் அவன் ஆடாமலே பஸ் ஏறிவிட்டான்.

கூட்டாளியின் குட்டை உடைத்தே தீருவது என்று மறுநாள் அரிசி மில் தராசில் ஏறினேன். அறுபத்தெட்டு. மில்காரர் அவனுக்குச் சொந்தமோ என்று யோசித்தேன். மருந்துக்கடையில் ஏறினேன். அங்கேயும் அதே. அப்போதுதான் கோளாறு தராசில் இல்லை, என் உடம்பில் என்று உறைத்தது. நாமக்கல் டாக்டர் ரத்தம் பார்த்துவிட்டு, சர்க்கரை ஏகத்துக்கு ஏறிக் கிடக்கிறது, இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று திட்டினார்.

வெட்கத்தோடு மண்டிக்குப் போய் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீ எளைச்சுக்கிட்டே வாரது எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும் மாப்ள. சொன்னா, எதுக்குடா இவன் இதச் சொல்றான்னு எம்மேலயே சந்தேகப்படுவே. அதான் உட்டுட்டேன்."