வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்

எனக்கு மாப்பிள்ளை அத்தை மகன்தான். அத்தை வாக்கப்பட்டது உள்ளூரிலேயே, அதாவது அப்பா பிறந்த ஊரிலேயே. ஜெயங்கொண்டத்திலிருந்து தா.பழூர் போகிற வழியில் பிரிந்து உள்ளே போக வேண்டும். அப்பா மீசை முளைக்கும் வயதிலேயே அந்த ஊர்க் காலனியை விட்டு அரியலூருக்கு வந்து, ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் வேலையில் சேர்ந்துவிட்டவர். நான் பிறந்தது, படித்தது, டீச்சர் டிரெய்னிங் முடித்தது எல்லாம் அரியலூரில். எழுபதுகளின் நடுவில் என் கல்யாணம் நடந்தது.

அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் ஊர்த்தெரு வழியாகப் போனதில்லை. ஏரிக்கரை மேலே ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. முள்ளும் சேறுமாக இருக்கும். அதில் சுற்றிக்கொண்டுதான் காலனிக்குப் போவோம். தெரு வழியாகப் போனால் சீக்கிரம் போய்விடலாமே என்று சின்ன வயதில் ஒருதரம் கேட்டேன். அம்மா தொடையில் கிள்ளிய கிள்ளு இரண்டு நாள் கன்றிப்போய் இருந்தது. அதற்கப்புறம் கேட்கவில்லை.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில். அம்மாவும் சொந்தக்காரர்களும் முதல் நாளே பஸ் ஏறிப் போய்விட்டார்கள். அப்பா, சித்தி, நான் மூவரும் சாயங்காலம் பெண்ணழைப்புக்குப் போய்ச் சேர்வதாக ஏற்பாடு. அப்பா எனக்காக ஒரு டாக்சி பிடித்திருந்தார். அது ஜெயங்கொண்டத்துக்கு முன்னாலேயே, முந்திரிக் காட்டுக்கு நடுவில், புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இது இன்னைக்கு நவுராதுங்க" என்றார்.

அரக்குப் பட்டும் தலை நிறையப் பூவுமாக நான் ரோட்டோரத்தில் நின்றேன். பஸ் எப்போது வரும் என்று தெரியவில்லை. அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

அப்படி ஒரு காரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. வெண்ணெய் நிறம். ஒரு படகு அளவுக்கு நீளம். பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் மீன் துடுப்பு மாதிரி தூக்கிக்கொண்டிருந்தது. எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னால் வந்தது. ஓட்டி வந்தவர் முப்பது வயதுக்காரர், கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். திருச்சிக்காரராம், அரியலூரில் ஒரு வேலையை முடித்துவிட்டுக் கும்பகோணம் போகிறாராம். "கல்யாணப் பொண்ணா? ஏறுங்க, நான் கொண்டுபோய் விடுறேன்" என்றார். நாங்கள் யார், என்ன என்று கேட்கவே இல்லை.

அப்பா தயங்கினார். சித்திதான், "நல்ல நேரம் போயிடும் மாமா" என்று அவரை ஏற்றினாள். எங்கள் தகரப்பெட்டி டிக்கிக்குள் போனது. அப்பா முன்னால் உட்கார்ந்தார். அந்தக் காரில் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. அதனால் நம் ஊர்க் கார்களில் டிரைவர் உட்காரும் வலப்பக்கத்தில் அப்பா உட்கார வேண்டியதாயிற்று. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார்.

ஜெயங்கொண்டம் கடைவீதியில் வண்டி மெதுவாகப் போனதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. காய்கறி வாங்க வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், சைக்கிள்காரர்கள், எல்லாரும். ஒருவர் நேராக அப்பா பக்கம் வந்து கும்பிட்டு, "என்ன வண்டிங்கய்யா இது? லிட்டருக்கு என்ன தருதுங்க?" என்று கேட்டார். அப்பா திருதிருவென்று விழித்தார். கார்க்காரர் கைதட்டிச் சிரித்தார். "அண்ணே, இந்தப் பக்கம் பாருங்க! ஓட்டுறது நானு!" என்றார். அமெரிக்காக்காரன் வண்டி, மெட்ராஸில் ஏலத்தில் எடுத்தது, இந்த ஜில்லாவிலேயே இது ஒன்றுதான் என்று எல்லாருக்கும் சலிக்காமல் சொன்னார். அவர்கள் வண்டியைத் தடவிப் பார்க்கப் பார்க்க அவர் முகம் பூரித்தது. எனக்குக்கூட அப்போது சிரிப்பு வந்தது. அப்பாவை யாரோ கும்பிட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

ஏரிக்கரை பிரியும் இடம் வந்ததும் அப்பா, "இங்கயே நிறுத்திடுங்க சார். நாங்க நடந்து போயிக்கிறோம்" என்றார்.

"கல்யாணப் பொண்ணை முள்ளுல நடக்க வுட்டுட்டுப் போனா எங்கம்மாவே என்னைத் திட்டுவாங்க. வீட்டு வாசல்லயே எறக்கிடுறேன்."

"வேணாம் சார். பாதை சரியில்ல."

"தெரு நல்லாத்தானே இருக்கு!"

முன்பின் தெரியாத ஒருவர் மரியாதையாக நடத்தும்போது, நாங்கள் இன்னார் என்று அப்பா எப்படிச் சொல்வார்? கார் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. சித்தி என் கையைப் பிடித்தாள்.

நடுத்தெருவில் ஒரு டீக்கடை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அதைப் பார்த்ததும் கார்க்காரருக்குக் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விட்டது. இறங்கி, பானெட்டைத் திறந்து, ஆள்களை வா வா என்று கூப்பிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணாடியில் முகங்கள் வந்து ஒட்டின. "உள்ள பொம்பளைங்க இருக்காங்கடா" என்றான் ஒருவன்.

வெள்ளை மீசைக்காரர் ஒருவர் துண்டைச் சரிசெய்துகொண்டு அப்பாவின் பக்கம் வந்தார். வலப்பக்கம் உட்கார்ந்திருந்தவர்தான் முதலாளி என்று நினைத்திருக்கிறார். இரண்டு கையையும் சேர்த்து, "வாங்கய்யா, எந்த ஊருங்க? ஒரு டீ சாப்புட்டுப் போவலாமே" என்றார்.

அப்பா நிமிரவில்லை. மீசைக்காரர் குனிந்து பார்த்தார். சேர்த்த கை அப்படியே நின்றது.

"டேய்... நீ எங்க மேக்காட்டுல ஏரு ஓட்டுனவன் மவன்தானே?"

அப்பா கதவைத் திறந்து இறங்கினார். இறங்கும்போதே தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. அரியலூரில் அப்பா அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எத்தனையோ வருஷம் வெளியூரில் இருந்தும், அந்த உடம்பு ஒன்றையும் மறக்கவில்லை.

வண்டியைத் தடவிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக விலகின. "கும்புட வச்சிட்டானே!" என்று எவனோ பின்னாலிருந்து சொன்னான். அந்தக் குரலில் இருந்தது என்னவென்று எனக்குப் புரிந்தது. இதை இவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

கார்க்காரர் பானெட்டைச் சாத்திவிட்டு வந்தார். "என்ன ஆச்சு? ஏன் பெரியவரே எறங்கிட்டீங்க?"

"சார், நீங்க வெளியூரு. உங்க மேல தப்பில்ல. இவன் சொல்லியிருக்கணும்" என்றார் மீசைக்காரர். குரல் சாந்தமாக இருந்தது. "அதுங்களையும் எறக்கிவுட்ருங்க. ஏரிக்கரையில போவட்டும். நீங்க உக்காருங்க. டீயா, காப்பியா?"

அவருக்கு டீ, எங்களுக்கு ஏரிக்கரை. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

கார்க்காரரின் முகம் வெளுத்துவிட்டது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்து, சுற்றி நின்ற ஆள்களைப் பார்த்துவிட்டு, "நானே திருப்பிக் கொண்டுபோய் விட்டுடுறேங்க" என்றார். ஆனால் அந்த நீள வண்டியைத் திருப்ப அந்தத் தெருவில் இடமில்லை. பின்னாலேயே எடுத்தார். பின்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கி, வண்டி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. சித்தி வீறிட்டாள்.

"எறங்குங்க, எறங்குங்க" என்றார்கள். இறங்கினோம். என் பட்டுச்சேலையை ஒருவன் மேலும் கீழும் பார்த்து, "செருப்பு" என்றான். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று தெரியாது, நான் மண்ணையே பார்த்தேன்.

பிறகு அவர்கள் காரைத் தூக்கினார்கள். இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உற்சாகமாக வந்தார்கள். "பாத்துடா, பெயிண்டு!" "அந்தக் கொம்பைப் புடிக்காத, ஒடஞ்சிடும்!" என்று ஒரே சத்தம், சிரிப்பு. அப்பாவும் தன்னையறியாமல் கைகொடுக்கக் குனிந்தார். தண்டவாளம் தூக்கிப் பழகியவர். "நீ தொடாத" என்றான் ஒருவன். அப்பா நிமிர்ந்து, எங்களைப் பார்த்து, போகலாம் என்று தலையசைத்தார்.

ஏரிக்கரையில் வெறுங்காலோடு நடந்தோம். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பாதி தூரம் போயிருப்போம், பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. சித்தி, "ஐயோ, வந்துட்டானுவோ" என்று என்னைப் பிடித்துத் தனக்குப் பின்னால் தள்ளினாள். அப்பா திரும்பி நின்று இரண்டு கையையும் விரித்துப் பாதையை மறித்தார். நாளைக்குக் கட்ட வேண்டிய தாலி அத்தை வீட்டில் இருக்கிறது என்று மட்டும் ஏனோ நினைத்தேன்.

வந்தது கார்க்காரர். எங்கள் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, பேன்ட் முழுக்கச் சேறாக, மூச்சிரைக்க நின்றார்.

"பெட்டிய வுட்டுட்டு வந்துட்டீங்க" என்றார்.

"வண்டி எங்க சார்?" என்று கேட்டார் அப்பா.

"அங்கயே கெடக்கு. கெடக்கட்டும். வாங்க, நானும் வரேன். எனக்கும் பயமாத்தான் இருக்கு."

பெட்டியை அப்பாவிடம் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். காலனி வரைக்கும் எங்களோடு நடந்தார். அத்தை கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "நான் அங்க நிறுத்தியிருக்கக் கூடாது" என்று அப்பாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா, "இருட்டறதுக்குள்ள போயிடுங்க சார்" என்றார், அவ்வளவுதான். அவர் போன பிறகு நாங்கள் எல்லாரும் வாசலிலேயே நின்றோம். வெகுநேரம் கழித்து, தூரத்தில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டு, ரோட்டுப் பக்கமாகத் தேய்ந்து போனது. அதற்குப் பிறகுதான் அம்மா உலையில் அரிசி போட்டாள்.

விடிந்ததும் தாலி கட்டு நடந்தது. மேளம் வேண்டாம் என்று அத்தையின் புருஷன், என் மாமா, சொல்லிவிட்டார். அட்சதை விழும்போது நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, ஏரிக்கரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. ஆனால் அந்த வருஷம் மாமாவை அந்தத் தெருவில் யாரும் வயல் வேலைக்குக் கூப்பிடவில்லை. நானும் வீட்டுக்காரரும் பெரம்பலூருக்குக் குடிவந்துவிட்டோம். எனக்கு அங்கே பள்ளிக்கூட வேலை கிடைத்தது.

எண்பதுகளில் எங்கள் பள்ளிக்கு ஒரு சார் மாறுதலாகி வந்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு கார்களைப் பற்றித் திரும்பியது. "எங்க ஊருக்கு ஒருதரம் அமெரிக்கா வண்டி வந்துச்சு பாருங்க" என்று அவர் ஆரம்பித்தார். கப்பல் மாதிரி வண்டி, வெண்ணெய் நிறம், சாக்கடையில் மாட்டிக்கொண்டது, தெருப் பையன்கள் எல்லாம் சேர்ந்து பூ மாதிரித் தூக்கி வைத்தார்கள், தானும் ஒரு கை பிடித்ததாகச் சொன்னார். சொல்லும்போது அவர் கண் மின்னியது. எல்லாரும் ரசித்துக் கேட்டார்கள். வண்டியில் யார் வந்தார்கள் என்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறந்துவிட்டாரா, தெரியாதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"டீச்சர், உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று என் பக்கம் திரும்பினார்.

"அரியலூருங்க" என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக் கழுவ எழுந்துபோனேன்.