ரயில் வராத ஊரின் ரயில்

செய்தி ரொட்டியோடு வந்தது.

வழக்கமாக ரொட்டி கொண்டுவருபவர் வேறு ஆள். அன்று காலை பேக்கரி முதலாளி சிக்கந்தர் பாய் தாமே வந்தார். கூடையை வாசலில் இறக்கினார். மூடியைத் திறக்கவில்லை.

"தம்பி, நானா போயிட்டாங்க."

அண்ணன் என்ற பொருளில் அவர் நானா என்று அழைத்தது ஒருவரைத்தான். மீரா நயினார். துறைமுகக் கரையில் கப்பல்களுக்குப் பெயிண்டும் கயிறும் தாரும் விற்றவர். கடையில் ஒரு பெயிண்ட் டப்பாவின் மூடியை நெம்பிக்கொண்டிருந்தபோது மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். எழவில்லை. டப்பா திறந்திருந்ததா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"திறந்துட்டாங்க," என்றார் சிக்கந்தர் பாய். "திறக்காம விடுவாங்களா?"

இந்த வாசகசாலைக்கு வரும் உங்களில் பலர் அவரை வியாபாரியாக அறிவீர்கள். கப்பித்தான் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமைதோறும் பார்த்திருப்பீர்கள். உரக்கச் சிரிப்பவர், பேரத்தில் விட்டுக்கொடுக்காதவர் என்று சொல்வீர்கள். சரிதான். நான் எழுதுவது வேறொன்றைப் பற்றி. இந்த ஊருக்கு அவர் ரயில் கொண்டுவந்தார். ஒரு மாலை. ஒரு மேஜையின் மேல்.

*

நம் பினாங்குத் தீவுக்கு ரயில் கிடையாது என்பதை வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. கடிகாரக் கோபுரம் வைத்த பெரிய ரயில் நிலையம் இருக்கிறது. உள்ளே டிக்கெட் கொடுக்கிறார்கள். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு படகேறி, கடலைத் தாண்டி, அக்கரையில் பிறை என்னும் ஊருக்குப் போனால்தான் ரயில். நிலையம் இங்கே, தண்டவாளம் அங்கே. நமக்கு இது பழகிவிட்டது. நயினாருக்குப் பழகவே இல்லை.

அவருடைய முதல் எஞ்சின் ஒரு கப்பல் எஞ்சினியர் கொடுத்தது. தகரத்தில் செய்தது, சாவி கொடுத்தால் ஓடுவது, ஒரு முழத்துக்கும் குறைவு. பச்சை நிறம். பக்கவாட்டில் ஏதோ ஓர் ஆங்கிலக் கம்பெனியின் எழுத்துகள், பொன் நிறத்தில். கடையின் மாடியில் பெயிண்ட் பீப்பாய்களுக்கு நடுவே தரையில் பலகை பரப்பி, பலகையின் மேல் தண்டவாளம் போட்டார். அதன்பின் கரைக்கு வரும் எஞ்சினியர்களிடமெல்லாம், "கயிறு வேணுமா, தாரு வேணுமா, ரயிலு இருக்கா?" என்று ஒரே மூச்சில் கேட்கத் தொடங்கினார்.

நான் அப்போது சென்னையில் பட்டம் வாங்கித் திரும்பியிருந்தேன். நிறையப் படித்திருந்தேன். பேச ஆள் இல்லை. ஒரு மழைக்கு ஒதுங்கி அவர் கடைக்குள் நுழைந்தபோது மாடியிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. தகரச் சக்கரம் தகரத்தில் ஓடும் சத்தம். ஏறிப் போனேன். நாற்பத்தைந்து வயது மனிதர் தரையில் குப்புறப் படுத்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படுத்துப் பாருங்க தம்பி. நின்னு பாத்தா பொம்மை. படுத்துப் பாத்தா ரயிலு."

படுத்தேன். ரயில்.

*

ஊரில் ஒரு சங்கம் இருந்தது. வெள்ளைக்காரர்களுடையது. கையால் செய்த சிறு கப்பல், சிறு பாலம், சிறு எஞ்சின் எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மண்டபத்தில் காட்சிக்கு வைப்பார்கள். நடுவில் நீண்ட மேஜை. அதன் மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒற்றைத் தண்டவாளம், காகிதக் குன்றுகள், ஓர் ஏற்றம், ஒரு பாலம். யார் வேண்டுமானாலும் எஞ்சின் கொண்டுவந்து ஓட்டலாம். ஒரே விதி: எஞ்சினின் நிறமும் எழுத்தும் உண்மையான ஒரு ரயில்வேயினுடையதாக இருக்க வேண்டும்.

நயினார் பச்சை எஞ்சினைக் கொண்டுபோனார். நானும் போனேன். நன்றாக ஓடியது. துரைமார் கைதட்டினார்கள். அப்போது கூட்டத்திலிருந்து ஒருவர் முன்னே வந்தார். தொங்கான் என்னும் சரக்குப் படகில் மூட்டை சுமப்பவர். நயினாரைக் கரையில் தினமும் பார்ப்பவர். வெற்றிலைச் சிவப்பு வாய்.

"யாரு ரயிலு முதலாளி இது?"

நயினார் பொன் எழுத்துகளைப் பார்த்தார். "இங்கிலீஷ்காரன் ரயிலு."

"அப்ப சாவி மட்டும் நீங்க குடுக்குறீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நயினாரும் சிரித்தார். ஆனால் கடைக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொன் எழுத்துகளை விரலால் தேய்த்துக்கொண்டே வந்தார். கடை வாசலில் நின்று சொன்னார்: "அடுத்த வருஷம் அந்த ஆளுக்குப் பதில் சொல்லணும் தம்பி. சொல்லலேன்னா அந்தப் பக்கம் போக மாட்டேன்."

அது வெறும் பேச்சில்லை. அவர் பெருமை முழுவதும் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

*

மறுநாளே பச்சை எஞ்சினுக்கு வேறு நிறம் அடித்தார். கடையில் என்ன இருந்ததோ அதை. கப்பலின் அடிவயிற்றுக்கு அடிக்கும் சிவப்பு. கடல் உப்பே தின்ன முடியாத பெயிண்ட் என்று மாலுமிகளிடம் சொல்லி விற்பாரே, அது.

பூச்சு தடித்து எஞ்சின் உப்பிய தவளையாகிவிட்டது. ஆணித் தலைகள் மறைந்தன. ஜன்னல்கள் மூடின. சக்கரங்கள் ஒட்டிக்கொண்டன. சாவித் துளை அடைந்துபோயிற்று. அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கப்பலுக்கு இது சட்டை," என்றார். "இவனுக்கு இது மெத்தை."

வேறொருவராக இருந்தால் தூக்கி எறிந்திருப்பார். அவர் அதை மேஜையில் வைத்துக்கொண்டார். சுரண்டிவிடலாமே என்றேன். "வேணாம். பழைய பேரு போயிருச்சில்ல? பாதி வேலை முடிஞ்சுது."

வேறோர் எஞ்சினியர் கொடுத்த இரண்டாவது எஞ்சினை முறையாகத் தொடங்கினோம். காரச் சோடாவில் ஊறவைத்துப் பழைய நிறத்தை உரித்தோம். ஆங்கில எழுத்துகள் சுருண்டு தண்ணீரில் மிதந்தன. வெறும் தகரம் வெளியே வந்தது. பெயரில்லாத எஞ்சின். எனக்கு அது அப்படியே அழகாக இருந்தது. சொன்னேன்.

"உங்களுக்கு வெறுமை பிடிக்கும். படிச்சவரு," என்றார். "ஆனா எங்க போகுதுன்னு தெரியாத ரயிலுல யாரு ஏறுவா?"

என்ன நிறம் என்று இரண்டு நாள் பேசினோம். நான் கறுப்பு என்றேன். அவர் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பழுத்த பாக்கோடு வந்தார். தோல் மஞ்சளும் சிவப்பும் கலந்த ஒரு நிறம். "மலாயில பினாங்குன்னா பாக்கு. ஊருக்கே பாக்கு மரத்தோட பேரு வச்சிருக்காங்க. வேற நிறம் எதுக்கு?" டர்பன்டைன் ஊற்றி ஊற்றி, பால்போல நீர்த்துப்போகும்வரை பெயிண்டைக் கலக்கினார். ஒரு பூச்சு. காயவைத்து மறு பூச்சு. நம் ஊர்க் காற்றில் பெயிண்ட் காய்வதில்லை, யோசிக்கிறது. அதற்குள் கொசுவும் ஈயும் வந்து ஒட்டும். "அவசரப்பட்டா ஈ வந்து கையெழுத்துப் போட்டுரும்" என்பார்.

வழி கண்டுபிடித்ததும் அவரே. பக்கத்துச் சந்தில் சிக்கந்தர் பாயின் ரொட்டி அடுப்பு. ரொட்டியை எடுத்தபின் உள்ளே தங்கும் இளஞ்சூடு போதும். எஞ்சினை இரும்புத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினோம். பூச்சு சீராக, கெட்டியாக இறுகியது. இரண்டு நாள் கழித்து பேக்கரி வாசலில் ஒரு வாடிக்கைக்காரர் ரொட்டியை முகர்ந்துகொண்டு நின்றார்.

"பாய், ரொட்டியில கப்பல் வாசம் அடிக்குதே!"

சிக்கந்தர் பாய் எங்களிடம் ஓடிவந்தார். "நானா, ஒண்ணு நான் ரொட்டி சுடணும், இல்ல நீங்க ரயிலு சுடணும். ரெண்டும் ஒரே அடுப்புல முடியாதுலா!"

"ரொட்டி நாளைக்கும் வேகும் சிக்கந்தரு. இது ஒரு தடவைதான் வேகும்."

திட்டிக்கொண்டே போனார் சிக்கந்தர் பாய். மறுநாள் தாமே தட்டைத் துடைத்து வைத்திருந்தார்.

*

பெயர் எழுதுவது என் பொறுப்பு. எஞ்சினுக்குப் பின்னால் கோத்திருக்கும் கரி வண்டியின் இரு பக்கமும் 'பினாங்கு' என்று தமிழில். சுழியும் கொம்பும் குறைத்து, கோடும் வளைவும் மட்டுமாக எழுத்துகளை வரைந்து கொண்டுபோனேன். எனக்கு அதில் பெருமை.

"இது எழுத்தா, ஜன்னல் கம்பியா?" என்றார். பிறகு தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அதைப் பார்த்தபடியே வேகமாக நடந்தார். "இல்ல, சரிதான். ஓடும்போது படிக்கணும்னா கம்பியாத்தான் இருக்கணும்."

இடப்பக்கம் எழுதினேன். எஞ்சினை ஒட்டிப் 'பி' தொடங்கி, வால்வரை போயிற்று. திருப்பி வைத்து வலப்பக்கத்தைப் பென்சிலால் குறித்தேன். நயினார் முகம் சுளித்தார்.

"இங்க பேரு வாலுலேர்ந்து தொடங்குதே. ரயிலு பின்னால போற மாதிரி இருக்கு."

எல்லா ரயில்வேயிலும் ஒரு பக்கம் அப்படித்தான் வரும் என்றேன். இடமிருந்து வலமாக எழுதினால் வேறு வழியில்லை என்றேன். நான் சொன்னது தர்க்கம். அவர் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டார். இந்தியாவில், சொந்த ஊரில் இருக்கும் தம் தாயாருக்கு அவர் எழுதுவது அரபு எழுத்தில் தமிழ். அந்த அம்மாள் படிக்கத் தெரிந்த எழுத்து அது ஒன்றுதான். அந்த எழுத்தில், வலமிருந்து இடமாக, எஞ்சினின் பக்கத்தில் தொடங்கி, வாலை நோக்கி அதே பெயரை எழுதினார்.

பின்வாங்கி நின்று பார்த்தோம். ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் அரபுத்தமிழ். எந்தப் பக்கத்தில் நின்று பார்த்தாலும் ஊரின் பெயர் எஞ்சினோடு சேர்ந்து முன்னே போயிற்று.

நான் எத்தனையோ புத்தகங்களில் அழகைப் பற்றிப் படித்திருக்கிறேன். அன்று முதல்முறையாக அது என் எதிரே நின்றது. பாக்கு நிறத்தில்.

"பாத்தீங்களா தம்பி?" என்றார். "இங்கிலீஷ்காரனுக்கு இது முடியாது. பாவம், அவனுக்கு ஒரு திசைதான்."

*

கண்காட்சி நாள். சங்கத்தின் காரியதரிசி, பட்டறை எஞ்சினியர் ஒருவர், எங்கள் எஞ்சினைக் கையில் எடுத்தார். திருப்பினார். மெச்சினார். பிறகு தலையை ஆட்டினார். இப்படி ஒரு ரயில்வே இல்லை என்றார். விதி விதிதான்.

நயினாருக்கு ஆங்கிலம் குறைவு. சந்தை மலாயில் பேசினார். நான் தமிழில் தருகிறேன்.

"துரை கோலாலம்பூர் போக டிக்கெட் எங்க வாங்குவீங்க?"

"இங்கேதான். கடிகாரக் கோபுரத்தில்."

"அங்க ஸ்டேஷன் இருக்கா?"

"இருக்கிறது."

"தண்டவாளம்?"

துரை கையிலிருந்த எஞ்சினைப் பார்த்தார்.

"ஸ்டேஷன் இருக்கு. டிக்கெட் இருக்கு. நேரம் பாக்கக் கடிகாரமும் இருக்கு. ரயிலு மட்டும்தான் பாக்கி. அதைத்தான் கொண்டாந்திருக்கேன்."

துரை முதலில் மீசைக்குள் சிரித்தார். பிறகு வெளியே. ஒரே சாவியில் மறுமுனை சேர்ந்தால் மாலை முழுவதும் ஓடலாம், நடுவில் நின்றால் எடுத்துவிட வேண்டும் என்றார்.

நயினார் சாவி கொடுத்தார். அதன் ஒவ்வொரு சொடுக்கும் எனக்குக் கேட்டது. மேஜையின் இரு பக்கமும் ஆட்கள். கூட்டத்தில் அந்தத் தொங்கான்காரர் நின்றிருந்தார். நயினார் அவரைக் கரையில் பிடித்து, வரச் சொல்லியிருந்தார். எஞ்சின் புறப்பட்டது. மூன்று பெட்டிகள். குன்றைச் சுற்றியது. ஏற்றத்தில் மெதுவாயிற்று. இன்னும் மெதுவாயிற்று. பாலத்தின் மேல் கிட்டத்தட்ட நின்றது. நயினார் குனிந்து கண்ணைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுவந்தார். "ஏறுடா," என்றார், எதிரே ஒரு மனிதன் இருப்பதுபோல. "ஏறுடா என் ராசா."

ஏறியது.

இறக்கத்தில் பாய்ந்து வந்தபோது இப்பக்கம் யாரோ எழுத்துக் கூட்டி, "பி...னாங்கு!" என்று கத்தினார். அப்பக்கத்தில் ஒரு மலாய்ப் படகோட்டி, மலாயும் அரபு எழுத்தில் எழுதுவதுதான் என்பதால், தம் எழுத்தென்று கண்டுகொண்டு அதே பெயரை வாசித்தார். அதன்பின் மண்டபம் முழுவதும் அந்தப் பெயர்தான். எஞ்சின் மறுமுனைத் தடுப்பில் 'டங்' என்று மோதி நின்றது.

நயினார் நிமிர்ந்தார். கூட்டத்தில் அந்தத் தொங்கான்காரரைத் தேடிப் பிடித்தார்.

"இப்பக் கேளுங்க."

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். "எதுக்குக் கேக்கணும்? நம்ம ரயிலுலா. சாவிய இப்படிக் குடுங்க, நானும் ஒரு திருப்பு திருப்புறேன்."

நயினார் சாவியைக் கொடுத்தார். அதன்பின் அது அன்று அவர் கைக்குத் திரும்பவே இல்லை. கை மாறிக்கொண்டே போயிற்று. தவுக்கே என்று ஊரார் அழைக்கும் ஒரு சீனக் கடைக்காரர் மட்டும், "எங்க எழுத்து எங்கே?" என்று கேட்டார். "அடுத்த எஞ்சின்ல, தவுக்கே! தூரிகையோட வாங்க!" என்றார் நயினார். வந்தார். அந்த எஞ்சினும் இப்போது ஓடுகிறது.

*

அவரை அடக்கம் செய்துவிட்டு மாடிக்குப் போனோம், சிக்கந்தர் பாயும் தவுக்கேயும் நானும். பாக்கு நிற எஞ்சின் இனி இந்த வாசகசாலையில் இருக்கும். சாவி அதன் பக்கத்திலேயே. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். தயவுசெய்து படுத்துப் பாருங்கள்.

எனக்கென்று நான் கேட்டது தவளையை. என் மேஜைமேல் இருக்கிறது. சாவித் துளை அடைந்தது, ஓடாது. எழுதும்போது அவ்வப்போது அதைக் கையில் எடுக்கிறேன். கனமாக இருக்கிறது. அதனடியில் எந்தக் கம்பெனியின் எழுத்துகள் இருந்தன என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். பொன் நிறம் என்பது நினைவிருக்கிறது. எழுத்துகள் நினைவில்லை. மேலே பூசிய சிவப்பு இன்றுவரை ஓரிடத்திலும் உரியவில்லை.

கடல் உப்பே தின்ன முடியாத பெயிண்ட் என்று அவர் சொல்லி விற்றது பொய்யில்லை.