காலை மங்கல்

அண்ணனின் மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. லேத் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் மீறிக் கேட்டது. காப்பித் தம்ளரோடு நான் பட்டறை வாசலில் நின்றிருந்தேன்.

கணபதி என்ற பகுதியில் எங்கள் வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. பம்புசெட்டுக்குள் சுழலும் இரும்புத் தண்டான ஷாஃப்டைக் கடைந்து கொடுப்பது அப்பாவின் தொழில். முந்தின நாள் கடைந்தவற்றைக் காலையில் மைக்ரோமீட்டரில் அளப்பார். சரியில்லை என்று தரையில் எறிவார். எதிரில் யார் இருந்தாலும் அறை விழும். உதடு வீங்கி அம்மா அடுப்படியில் நின்ற காலைகள் பல. மத்தியானத்துக்கு மேல் அவர் வேறு ஆள். எனக்குப் பூந்தி வாங்கி வருவார். தூக்கம் போதாமல் கோபம் வருகிறது என்று அம்மா எங்களுக்குச் சமாதானம் சொல்வாள்.

அன்று அவர் எறிந்த ஷாஃப்டை அண்ணன் எடுத்துத் துடைத்து நீட்டினான். அவனுக்கு அப்போதுதான் மீசை அரும்பியிருந்தது.

"அளவு சரியாத்தானுங்கப்பா இருக்குது. இன்னொருக்காப் பாருங்க."

"என்னையக் குருடன்ங்கிறயாடா?"

அதே இரும்பால் அடித்தார். முதல் அடி தோளில். தலையைக் காக்க அண்ணன் கையைத் தூக்கினான். அடுத்தது கையில் விழுந்தது. அவன் கீழே சாய்ந்த பிறகும் நிறுத்தவில்லை. குறுக்கே போன அம்மாவை முடியைப் பிடித்துத் தள்ளினார். கடைந்து உதிர்ந்த இரும்புச் சுருள்களின் மேல் அண்ணன் உருண்டான். முதுகெல்லாம் கிழிந்து ரத்தம். மிஷினில் நின்ற ஆள் ஓடிவந்து அப்பாவை இடுப்போடு கட்டிப் பிடித்தார்.

அண்ணனை அம்மா மாவுக்கட்டுப் போட அழைத்துப் போயிருந்தாள். மத்தியானம் அப்பா அந்த ஷாஃப்டை மறுபடி அளந்ததை நான் பார்த்தேன். வெகுநேரம் அளந்தார். பிறகு ரத்தத்தைத் துடைத்துவிட்டு, தேறியவற்றோடு அதையும் அடுக்கினார்.

கட்டுப் பிரித்ததும் அண்ணன் வீட்டைவிட்டுப் போனான். சென்னிமலையில் பெட்ஷீட் கடையொன்றில் சேர்ந்து, அங்கேயே கல்யாணமும் செய்துகொண்டான். அம்மாவின் சாவுக்கு வந்தபோதும் அப்பாவோடு பேசவில்லை.

போன வருடம் அப்பாவின் பார்வை மிகவும் மோசமானது. கண்ணாஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார்: "காலையில பொகை மூட்டமா இருந்து, பொழுது ஏற ஏறத் தெளியுதுங்களா?"

அப்பா தலையாட்டினார்.

"எத்தனை வருசமாங்க?"

"ரொம்ப வருசமுங்க," என்றேன் நான்.

கருவிழியின் பின்பக்கச் செல்கள்தான் அங்கே தேங்கும் நீரை வெளியேற்றுமாம். அவை செத்துப்போனால், கண் மூடித் தூங்கும்போது கருவிழி நீர் கோத்துத் தடித்துவிடும். விழித்த பிறகு மெல்ல வற்றும். பரம்பரையாக வருவது, பிள்ளைகளையும் அளந்து பார்த்துவிடலாம் என்றார். எனக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது உண்மை. அது நிலைக்கவில்லை. ஷாஃப்டை எறிந்தது மங்கலால் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே விழுந்தவனை அடித்தது எதனால்?

நான் கூப்பிட்டதற்காக அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கோணிய கையை மடியில் வைத்தபடி கண்ணை அளக்கும் மிஷினில் தாடையைப் பொருத்தினான். என் கண்ணின் செல்கள் திரையில் தேன்கூடு போல முழுசாக இருந்தன. அவனுடையதில் அங்கங்கே கரும்புள்ளிகள். கருவிழி இன்னும் தடிக்கவில்லை, இது ஆரம்பம்தான் என்றார்கள்.

வெளியே பெஞ்சில் இருந்த அப்பாவிடம் சொன்னேன். அவர் அண்ணன் பக்கம் திரும்பினார். "காலையில எனக்குக் கண்ணு தெரியலடா. அதனாலதான்..."

"தெரியலைன்னு சொல்லியிருக்கலாமுங்க," என்றான் அண்ணன். குரல் உயரவில்லை.

அப்பா எழுந்து அவன் தோளைத் தொடக் கை நீட்டினார். நாற்பதைத் தாண்டிய என் அண்ணன் சட்டென்று தலையைக் கைகளால் மூடிக் குனிந்தான். அப்பாவின் கை அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

அண்ணன் நிமிர்ந்து சட்டையைச் சரிசெய்தான். மாடிப்படி ஓரமாய்ப் போய், காலேஜில் படிக்கும் மகனுக்குப் போன் போட்டான்.

"கண்ணு, லீவு எப்பன்னு சொல்லு. உன்ற கண்ணையும் ஒருக்கா அளந்து பாத்துக்கலாம். பயப்படாத சாமி, அப்பா கூடவே இருப்பேன். வலிக்காது."