எதிர்க்கட்சி மேடம்

பேருந்து நிறுத்தத்தில் கையை நீட்டி, உள்ளங்கையை வானத்துக்குக் காட்டியபடி நிற்கிறார் மேடம். பக்கத்தில் நிற்பவர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் குடையைத் தேடுகிறார். "தூறுதா?" என்று கேட்டால், "தூறுது. ஆனா நனைக்காது" என்பார். விண்ணிலிருந்து வரும் துகள்களின் சிதறல்கள் ஓயாமல் நம் எல்லோர் கையையும் துளைத்துக்கொண்டு போகின்றன. இவருக்கு மட்டும் அது தெரிகிறது என்று சொல்ல முடியாது. தெரிந்தது போல நிற்கிறார். அந்த நினைப்பில் பேருந்தைக் கோட்டைவிடுவதும் உண்டு.

அலுவலகத்தில் அவருக்கு 'எதிர்க்கட்சி' என்று பெயர். எதிர்ப்பொருளைத் தேடி விண்வெளிக்குப் போகப்போகும் கருவியை வடிவமைக்கிறவர் என்பதால் வந்த பெயர். எதிர்ப்பொருள் எல்லா வகையிலும் நம் பொருளைப் போலவேதான் இருக்கும், மின்னூட்டம் மட்டும் நேர்மாறு. கருவிக்குள் ஒரு காந்தம், அதன் நடுவே அடுக்கடுக்காகச் சிலிக்கான் தகடுகள். நுழையும் துகள் ஒவ்வொரு தகட்டிலும் ஒரு தடம் வைத்துவிட்டுப் போகும். தடங்களைச் சேர்த்துக் கோடு இழுத்தால் நம்முடையது ஒரு பக்கம் வளைந்திருக்கும், மற்றது மறுபக்கம். அவ்வளவுதான் சங்கதி. அதற்குத்தான் பாதி ஆயுள் போயிருக்கிறது.

பேசிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுவார். டீ ஆறி ஆடை படியும். எதிரில் இருப்பவர் தொண்டையைச் செருமினால், விட்ட சொல்லிலிருந்தே தொடர்வார். "வீட்டுல பாதி ஆள்தான் இருக்கா. மீதி மேல சுத்திக்கிட்டிருக்கு" என்பார் மருந்துக்கடை நடத்தும் அவர் கணவர். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே கேட்டார்:

"இத்தனை வருஷமாத் தேடுறியே, எத்தனை கிடைச்சாப் போதும்?"

"எதிர் ஹீலியம்னு ஒண்ணு இருக்கு. அதுல ஒரே ஒரு துகள் போதும். அது தற்செயலாப் பொறக்குறது ரொம்ப அபூர்வம். வந்துச்சுன்னா, முழுக்க அந்தப் பொருளாலேயே ஆன நட்சத்திரம் எங்கேயோ இருக்குன்னு அர்த்தமாகலாம்."

"அப்ப அங்கயும் ஒருத்தன் துணி மடிச்சுக்கிட்டிருப்பான்."

"அவன் ஓரத்தை ஒழுங்காச் சேர்த்து மடிப்பான்" என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

சென்ற கோடையில் கருவியின் எடை கூடிவிட்டது என்று தகவல் வந்தது. ராக்கெட்காரர்களிடம் பேரம் செல்லாது. குழுவின் தலைவர் நல்ல மனிதர், கொஞ்சம் அவசரக்காரர். "ஒரு அடுக்கைக் கழட்டிடலாம். மிச்சம் இருக்கிறது போதாதா?" என்றார்.

"போதாது சார். தடம் குறைஞ்சா, உள்ள மோதித் திரும்புற சாதாரணத் துகள்கூட மறுபக்கம் வளைஞ்ச மாதிரிக் காட்டும். கிடைச்சிடுச்சுன்னு ஊரைக் கூட்டிடுவோம். நமக்குக் கிடைக்கப்போறது ஒண்ணே ஒண்ணு. அது பொய்யா இருக்கக் கூடாது."

"அப்ப எடையை எங்கேருந்து குறைப்பீங்க?"

"தாங்குற சட்டகத்துல ஓட்டை போட்டு."

"ராக்கெட் கிளம்புற ஆட்டத்துல விரிசல் விட்டா?"

"விட்டா எல்லாம் போச்சு" என்று ஒப்புக்கொண்டார்.

அதன்பின் பல நாட்கள் அவர் கண்ட இடமெல்லாம் வட்டம் போட்டார். குளியலறைக் கண்ணாடியில் படிந்த நீராவியில், சாப்பாட்டு மேசையின் தூசியில். எங்கெங்கே நீ இல்லாமல் இருக்கலாம் என்று சட்டகத்தின் அலுமினியத்திடமே கேட்டுக் கேட்டு வரைந்தது போலிருந்தது. புதுச் சட்டகம் வந்தது. எல்லா அடுக்குகளையும் அதில் பொருத்தி, ராக்கெட்டைப் போலவே குலுக்கும் மேசையில் முடுக்கினார்கள்.

மேசை உறுமியபோது கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் தரையும் நடுங்கியது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். பயம் வரும் என்றுதான் நினைத்திருந்தார், வரவில்லை. சத்தமே இல்லாத ஓர் இருட்டில் கருவி மிதந்துகொண்டிருந்தது. கீழே கடல் நீலமாகத் திரும்பியது. எந்த யுகத்திலோ கிளம்பிய ஒரு துளி, அடுக்கு அடுக்காகத் தடம் வைத்து, மெல்ல மறுபக்கம் வளைந்தது.

உறுமல் அடங்கியது. சட்டகம் அதிரும் விதத்தைக் காட்ட, குலுக்குவதற்கு முன் எடுத்த கோடும் பின் எடுத்த கோடும் திரையில் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் படிந்தன. விரிசல் இல்லை என்றார் மேசையை இயக்கியவர். கைதட்டல் எழுந்தது.

"எதிர்க்கட்சி ஜெயிச்சாச்சு" என்று தலைவர் தடுப்பைத் தாண்டி வந்து கை நீட்டினார். அதற்குள் மேடம் கருவியின் அருகே முட்டி போட்டிருந்தார். நீட்டிய கையில் டார்ச்சை வைத்து, "கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க சார்" என்று சொல்லிவிட்டு, சட்டகத்தின் முதல் துளையோரம் கண்ணை வைத்தார்.